பரோமீட்டருக்குள் இருப்பது பாரமா, பெராட்டா, குருவா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பாவின் பழைய பொருள்களை ஒதுக்கி வைக்கும்போது பித்தளை வளையம் போட்ட ஒரு வட்டக் கருவி கிடைத்ததாம். முகப்பில் ஆங்கிலத்தில் 'அனராய்டு பரோமீட்டர்' என்று இருக்கிறதாம். காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவி அது. நாலாம் படிவம் படிக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, "பாரம், மீட்டர் இரண்டும் சேர்ந்ததுதான் பாரோமீட்டர். அதனால்தான் தமிழில் பாரமானி என்கிறார்கள்" என்றானாம். பள்ளியில் அவனுடைய சிக்கு, அதாவது ஆசிரியர், "ஏன், நம் மலாய் பெராட்டிலிருந்து வந்திருக்கக் கூடாதா?" என்று சிரித்தாராம். இரண்டில் எது சரி, பாரமானி என்று எழுதுவதா காற்றழுத்தமானி என்று எழுதுவதா, அந்தக் கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, இவைதான் கேள்விகள். ஆனால் மகனும் சிக்குவும் உண்மையில் கேட்பது ஒன்றே ஒன்று: இரண்டு சொல் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால், பொருளும் ஒன்றாகவே இருந்தால், அவை சொந்தம்தானே? நியாயமான கேள்வி. பாரம் என்றாலும் எடை, பெராட் என்றாலும் எடை, கிரேக்க 'பரோஸ்' என்றாலும் எடை. யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பதில் சொல்லும் முன் என்னைப் பற்றி ஒரு வரி. பினாங்கில் கப்பல் கருவிகளைச் சரிபார்க்கும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கையில் வந்த பரோமீட்டர்களுக்குக் கணக்கில்லை. கருவியைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். சொல்லின் பூர்வீகம் அப்படியல்ல. நான் மொழியியல் படித்தவன் இல்லை; மதிய வேளையில் வேலை இல்லாதபோது சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டிப் பழகியவன், அவ்வளவுதான். அதனால் அறிஞர்கள் ஒத்துப்போகும் இடம் எது, முரண்படும் இடம் எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. சொல் கிரேக்கத்திலிருந்து எடுத்தது. 'பரோஸ்' என்றால் எடை, கனம். 'மெத்ரோன்' என்றால் அளவு. எடையை அளப்பது என்று பொருள். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பண்டைய கிரேக்கர் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவர்களிடம் இந்தக் கருவியே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்த சொல் இது. நாம் இன்று 'தொலைபேசி' செய்துகொண்டதைப் போல.

சரி, அந்தப் பரோஸுக்கும் நம் பாரத்துக்கும் உறவு உண்டா? இல்லை. இங்கே நம்மை ஏமாற்றுவது நம் எழுத்து. தமிழில் ஒரே 'ப'தான். வடமொழியில் பாரம் என்ற சொல் தொடங்குவது மூச்சோடு அழுத்திச் சொல்லும் நான்காவது 'ப'வில். கிரேக்கப் பரோஸ் தொடங்குவது அப்படி மூச்சு இல்லாத 'ப'வில். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. அதோடு, முதல் எழுத்தை நீட்டி 'பாரோமீட்டர்' என்று சொல்லும் பழக்கமும் நமக்கு உண்டு. கிரேக்கத்தில் அது குறில். நீட்டியதும் பாரம் தானாகவே காதில் விழுந்துவிடுகிறது.

மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் காதை வைத்து முடிவு செய்வதில்லை. ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு இன்னொரு மொழியில் எந்த ஒலி திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கிறார்கள். கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே பழைய தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. வடமொழியின் அந்த மூச்சு 'ப' கிரேக்கத்தில் 'ஃப' மாதிரியான ஒலியாக வரும். சகோதரனுக்கு வடமொழியில் 'பிராதா'. அதே சொல் கிரேக்கத்தில் 'ஃப்ராத்தேர்', அங்கே ஒரே குலக்குழுவைச் சேர்ந்தவன் என்று பொருள். அந்தக் கணக்குப்படி பாரத்தின் கிரேக்க உறவுக்காரர் பரோஸ் இல்லை, 'ஃபெரோ' என்ற வினைச்சொல். சுமக்கிறேன் என்று பொருள். கிறிஸ்டோபர் என்ற பெயரில் கடைசியில் வரும் 'ஃபர்' அதுதான், கிறிஸ்துவைச் சுமந்தவர். பாஸ்பரஸ் என்பதிலும் அதே துண்டு உண்டு, ஒளியைச் சுமப்பது. ஆங்கிலத்தில் பாரத்துக்குச் சொந்தம் வேண்டுமானால் 'பர்டன்' இருக்கிறது. அதுவும் அதே வேரில் முளைத்ததுதான், பொருளும் சுமைதான்.

அப்படியானால் பரோஸுக்கு வடமொழியில் யார்? இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பட்டறையில் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். வடமொழியில் 'க' வரும் சில சொற்களில் கிரேக்கத்தில் 'ப' வருகிறது. பசுவுக்கு இங்கே 'கோ', அங்கே 'பூஸ்'. போவதற்கு இங்கே 'கம்' என்ற வேர், கமனம் என்கிறோமே அது, அங்கே 'பைனோ'. உயிருக்கு இங்கே 'ஜீவ', அங்கே 'பியோஸ்'. பயாலஜியில் இருப்பது அதுதான், 'ஜீவ'வின் 'ஜ'வும் பழைய 'க' உருமாறியதுதான். மூலத்தில் 'க'வும் 'வ'வும் கலந்த ஓர் ஒலி இருந்திருக்கிறது. ஒரு வீட்டில் அது 'க' ஆகிவிட்டது, இன்னொரு வீட்டில் 'ப' ஆகிவிட்டது. இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் கனமானது என்பதற்கு 'பருஸ்'. வடமொழியில் கனமானது என்பதற்கு என்ன? குரு.

ஆமாம், நம் குருதான். 'கனமான' என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். வடமொழி யாப்பில் குரு, லகு என்று பிரிக்கிறார்களே, கனத்த அசை, லேசான அசை, அங்கே அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கனமான ஆள், மதிக்க வேண்டிய ஆள், அப்புறம் ஆசிரியர் என்று பொருள் நகர்ந்தது. இந்த நகர்வு நமக்குப் புதிதில்லை. 'கனம் நீதிபதி அவர்களே' என்று விளித்ததும், 'மகாகனம்' என்று பட்டம் போட்டதும் இதே எண்ணத்தில்தான். மலாய்க்குக் குரு போய்ச் சேர்ந்து ஆசிரியரானார். அந்தக் குருவுக்கு முன்னால் மரியாதைக்கு 'என்சிக்' போட்டு, அது சுருங்கி, சிக்கு ஆனது. ஆக, உங்கள் மகனின் பள்ளியில் பரோமீட்டரோடு ரத்த சம்பந்தம் உள்ள சொல் ஒன்று உண்டு. பெராட் என்று சொன்ன சிக்குவின் பட்டப்பெயரே அது.

'கு என்றால் இருள், ரு என்றால் நீக்குபவர்' என்ற விளக்கத்தைக் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். அது பக்தியில் சொன்ன அழகான விளக்கம், சொல்லின் வரலாறு இல்லை. வியாழன் கிரகத்தைக் குரு என்கிறோம், கோள்களிலேயே எடை கூடியதும் அதுதான் என்று எனக்கு ஒருவர் எழுதியிருந்தார். அது தற்செயல். வியாழனின் எடையை யாரும் கணக்குப் போடுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அதற்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. தேவர்களின் ஆசிரியர் என்ற புராணத்தால் வந்த பெயர்.

இப்போது பெராட். சிக்கு விளையாட்டாகச் சொன்னாலும் இதற்கும் அதே மாதிரி நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். மலாய், கிரேக்கமும் சமஸ்கிருதமும் உள்ள இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அதன் உறவுகள் ஜாவாவிலும் பிலிப்பீன்ஸிலும் பசிபிக் தீவுகளிலும் இருக்கின்றன. கோலாலம்பூரில் பிலிப்பீன்ஸ்காரர் யாரையாவது தெரிந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள். அரிசிக்கு மலாயில் 'பெராஸ்', பிலிப்பீன்ஸ் மொழியான தகாலோக்கில் 'பிகாஸ்'. நரம்புக்கு மலாயில் 'ஊராட்', தகாலோக்கில் 'ஊகாட்'. கனத்துக்கு மலாயில் 'பெராட்', தகாலோக்கில் 'பிகாட்'. மலாயில் 'ர' வரும் இடத்தில் அங்கே 'க' வந்து நிற்கிறது, ஒழுங்காக. பெராட்டின் பூர்வீகம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கிரேக்கத்துக்குப் போக வழியே இல்லை. நம் பாரமும் மலாய்க்குப் போனது உண்டு. ஆனால் அது பெராட்டாகப் போகவில்லை. மிளகு வியாபாரத்தில் அரபுக்காரர்களின் வாய் வழியாக 'பஹாரா' என்ற பழைய நிறை அளவாகப் போனது.

பின்பாதி 'மீட்டர்'. கிரேக்க மெத்ரோனும் நம் மாத்திரையும் ஒரே வேர் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து; அளப்பது என்ற பொருளில் 'மா' என்ற வேர். இங்கே இரண்டு இடத்தில் ஐயம் உண்டு. கிரேக்கச் சொல்லில் எகரம் குறிலாக இருப்பது அந்த வேருக்கு முழுசாகப் பொருந்தவில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை வடமொழியிலிருந்து வந்ததா, தமிழின் சொத்தா என்று நம்மவர்களுக்குள்ளும் வாதம் உண்டு. தொல்காப்பியமே கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரை என்கிறது. அவ்வளவு பழைய சொல். மருந்துக் கடை மாத்திரையும் அளந்து கொடுப்பது என்பதால் வந்ததுதான். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் பரோமீட்டருக்கு வேர்ப்படி சரியான சொல் 'குருமாத்திரை' என்றாகும். அதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் லேகியத்தோடு திரும்பி வருவீர்கள்.

இனி அந்தச் சொல்லை யார் செய்தார்கள் என்பது. கருவி முதலில் வந்தது, பெயர் இருபது ஆண்டு கழித்துத்தான் வந்தது. இத்தாலியில் கிணற்று ஆட்களுக்கு அப்போது ஒரு தொல்லை. உறிஞ்சும் பம்பு எதுவானாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏற மறுத்தது. கலிலேயோ 1638-இல் வந்த தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். தண்ணீர்த் தூண் தன் எடை தாளாமல் அறுந்துபோகிறது என்று நினைத்தார். அவருடைய கடைசி மாதங்களில் உடனிருந்த தொரிசெல்லி வேறு மாதிரி யோசித்தார். தண்ணீரை மேலே இழுப்பது எதுவும் இல்லை; வெளியே இருக்கும் காற்றின் எடைதான் அதைக் கீழிருந்து தள்ளுகிறது. தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தால் 10 மீட்டர் குழாய் வேண்டாம், மேசை மேலேயே பார்த்துவிடலாம். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்துக்குள் கவிழ்த்து விரலை எடுத்தால், பாதரசம் இறங்கிச் சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றுவிடும். பாடப்புத்தகங்கள் இதற்கு 1643 என்று போடுகின்றன. கையில் ஆதாரமாக இருப்பது அவர் ரோமில் இருந்த நண்பர் ரிச்சிக்கு 1644 ஜூன் 11 அன்று எழுதிய கடிதம். பரிசோதனையைக் கையால் செய்தவர் அவருடைய இளைய நண்பர் விவியானி என்றும் சொல்வார்கள். ஆகவே 1643 என்பதைச் சற்றுத் தளர்வாகவும், 1644 கடிதத்தை உறுதியாகவும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தில்தான், காற்று என்ற கடலின் அடியில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார், நம் கேள்விக்கு அதுதான் முக்கியம்: வெறும் வெற்றிடம் உண்டாக்குவது தம் நோக்கம் இல்லை, சில நேரம் கனத்தும் சில நேரம் லேசாகவும் இருக்கும் காற்றின் மாற்றத்தைக் காட்டும் கருவி ஒன்று செய்வதே நோக்கம் என்கிறார். கனம், லேசு. பெயர் பிறப்பதற்கு முன்பே பெயரின் பொருள் அங்கே வந்துவிட்டது. ஆனால் அவர் கருவிக்குப் பெயர் வைக்கவில்லை. 1647-இல் முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனார். கொஞ்ச காலம் அது தொரிசெல்லியின் குழாய் என்றே ஓடியது.

பரோமீட்டர் என்ற சொல் அச்சில் தலைகாட்டுவது 1660-களின் நடுவில், இங்கிலாந்தில். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானியின் எழுத்திலும், அப்போதுதான் தொடங்கியிருந்த ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழிலும் வருகிறது. அந்த இதழ் இதைப் பாயிலின் பெயரோடு சேர்த்தே சொல்கிறது. அதனால் பெரும்பாலான அகராதிகள் அவரையே தகப்பன் ஆக்கிவிட்டன. அவரைச் சுற்றியிருந்த கூட்டத்தில் வேறு யாராவது வாய்ச்சொல்லாக முதலில் சொல்லியிருக்கலாம். அச்சில் முதலில் வருவதும் முதலில் சொன்னதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாயில் என்பதை 'பெரும்பாலும்' என்று வைத்துக்கொள்ளலாம், 1660-கள் என்பது உறுதி. அப்போது 'பரோஸ்கோப்' என்ற பெயரும் போட்டிக்கு இருந்தது. எடையைப் பார்க்க உதவுவது என்று பொருள். இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, மீட்டர் ஜெயித்தது. தெர்மாமீட்டர் என்ற சொல் 1620-களிலேயே வந்து பழகிவிட்டிருந்ததால் இதற்கு வழி எளிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பெயரில் எடை இருக்கிறது, ஆனால் நாம் படிப்பது அழுத்தம். இது குழப்பமா? பாதரசப் பரோமீட்டரோடு பழகியவர்களுக்குக் குழப்பமே இல்லை. அது ஒரு தராசு. ஒரு தட்டில் பாதரசத் தூண், இன்னொரு தட்டில் நம் தலைக்கு மேலே வானம் முடியும் வரை நிற்கும் காற்றுத் தூண். இரண்டும் சமமாகும் இடத்தில் பாதரசம் நிற்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் தரை மேல் நிற்கும் காற்றின் எடை ஏறக்குறைய 10 டன், சாமான் ஏற்றிய ஒரு லோரி அளவு. எங்கள் வேலையில் இந்த எடை விஷயம் தினமும் வரும். பினாங்கில் பாதரசக் கருவியைப் படித்துவிட்டு அந்த எண்ணை அப்படியே எழுத முடியாது. முப்பது டிகிரி வெயிலில் பாதரசம் விரிந்து லேசாகிவிடும், அதற்காக 3.7 மில்லிமீட்டர் போலக் கழிக்க வேண்டும். பிறகு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. அதே பாதரசம் லண்டனைவிட இங்கே எடை குறைந்தது. அதற்காக இன்னும் 2 மில்லிமீட்டர். பயிற்சிக்கு வந்த பையன்கள், "காற்றை அளக்க வந்தால் பூமி எப்படி இழுக்கிறது என்று கணக்குப் போடச் சொல்கிறீர்களே" என்பார்கள். பெயரிலேயே எடை இருக்கிறதப்பா என்பேன்.

காற்றுக்கு எடை உண்டு என்பதை உலகம் நம்பியது ஒரு மலையில். பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்ஸின் பியூய் தெ தோம் மலை மேல் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டர் போல இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, எடையும் குறைகிறது. பினாங்குக்கு வந்தால் உங்கள் மகனைக் கொடிமலைக்குக் கூட்டிப் போங்கள். பல கைப்பேசிகளுக்குள் இப்போது குட்டிப் பரோமீட்டர் இருக்கிறது. அந்த எண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ரயிலில் உட்காரச் சொல்லுங்கள். ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கீழ் நிலையத்தில் 1,006 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) போல இருக்கும் எண், ரயில் சாய்ந்து ஏற ஏறப் படபடவென்று விழும். காது அடைக்கும்போது எண்ணையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேல் நிலையத்தில் 930-ஐ ஒட்டி நிற்கும். பாதரசத்தில் சொன்னால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கம். அத்தனை காற்றைக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஆகவே பாரமானி சரியா என்றால், சரிதான். பிறப்பால் சொந்தம் இல்லாவிட்டாலும் பொருளால் அசலுக்கு அதுதான் மிக நெருக்கம். பரோஸுக்குப் பாரம், மெத்ரோனுக்கு மானி. ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதைச் செய்தவர் காது உள்ள ஆள். காற்றழுத்தமானி என்பது இன்றைய அறிவியல் என்ன சொல்கிறதோ அதைச் சொல்கிறது. எடையும் அழுத்தமும் ஒன்றல்ல என்று இயற்பியல் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு அதுவே தெளிவு. 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று செய்தியில் கேட்டுப் பழகிய காதுக்கும் அதுதான் பொருந்தும். மகன் தேர்வில் தமிழில் எழுத நேர்ந்தால் காற்றழுத்தமானி என்றே எழுதட்டும். எனக்கென்னவோ பாரமானி மேல்தான் பிரியம்.

பருஸின் மற்றப் பிள்ளைகளும் நம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உடல் எடை குறைக்கச் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுக்கும் பேரியம். பாடகர்களில் பேரிடோன், நாம் கனத்த குரல் என்கிறோமே அதேதான். அழுத்தத்தை அளக்கும் 'பார்' என்ற அலகும் பரோஸிலிருந்து எடுத்ததுதான். மதுக்கடை பாருக்கும் கம்பியைச் சொல்லும் பாருக்கும் இதில் பங்கு இல்லை, அவை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை.

கடைசியாக அப்பாவின் கருவி. முகப்பில் உள்ள 'அனராய்டு' என்ற சொல்லே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறது. 'அ' என்றால் இல்லாத, 'நீரோஸ்' என்றால் ஈரமான. திரவம் இல்லாத கருவி. லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் 1844-இல் கொண்டுவந்தது. உள்ளே பாதரசம் கிடையாது; காற்றை எடுத்துவிட்ட மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று அழுத்தத்துக்கு ஏற்ப ஒடுங்கி விரியும், நெம்புகோல் அதை முள்ளுக்குக் கடத்தும். ஆகவே பயப்படாமல் கையாளலாம். நீரோஸ் என்றதும் நீர் ஞாபகம் வருகிறதா? இன்றைய கிரேக்கத்திலும் தண்ணீருக்கு 'நேரோ' என்பார்கள். அதைக் காட்டி இணையத்தில் பெரிய கதைகளே கட்டியிருக்கிறார்கள். அந்த நேரோ, 'புதிய தண்ணீர்' என்ற தொடரில் 'புதிய' என்ற பாதி மட்டும் மிஞ்சி வந்தது. பாரத்துக்குச் சொன்னதேதான் இதற்கும்.

முகப்பில் புயல், மழை, மாற்றம், தெளிவு என்ற சொற்கள் இருந்தால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். அவை ஐரோப்பிய வானிலைக்கு எழுதியவை. நம் ஊரில் அதிகாலையில் சுமாத்ரா காற்று ஊரையே புரட்டிப் போட்டுவிட்டுப் போகும், முள் புயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கே முள் ஆடுவது வேறு தாளத்துக்கு. சூரியன் மேல்வானக் காற்றைச் சூடாக்குவதால் காற்றுக் கடலிலும் ஓதம் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். புத்தகங்கள் காலை பத்தில் உச்சம், மாலை நாலில் தாழ்வு என்கும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுவதால் இங்கே பதினொன்று சொச்சம், ஐந்து சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் போல இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல், காலையில் எழுதி வைத்த எண்ணைக் கொண்டு மாலையில் ஒரு கப்பலின் கருவியைத் திருகிச் சரிசெய்துவிட்டேன். மறுநாள் அந்தக் கப்பல் அதிகாரி படியேறி வந்து, என் முதலாளி முன்னால் கருவியை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதனால் நீங்கள் இப்படிப் பாருங்கள். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கண்ணாடியை விரல் நுனியால் லேசாகத் தட்டிவிட்டு முள் நிற்கும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். மாலை எண் குறைந்திருந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. நாலைந்து நாள் பார்த்தும் முள் அசையவே இல்லை என்றால் பெட்டிக்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது சங்கிலி சிக்கியிருக்கும். அதை வீட்டில் திறக்க வேண்டாம். உயிர் இருந்தால், பின்பக்கத்தில் ஒரு சிறு துளைக்குள் திருகு இருக்கும். விமான நிலையங்கள் அந்தந்த மணிக்கு வெளியிடும் கடல் மட்ட அழுத்தத்தைப் பார்த்து, அதே நேரத்தில், மெல்லிய திருப்புளியால் முள்ளை அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே அடியாகத் திருகாமல், கொஞ்சம் திருகி, தட்டி, பார்த்து, மறுபடி கொஞ்சம். நேரம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.